கல்லாவில் அடைகாத்த கரடி

மூங்கில் காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் கரடி ஒன்று சாப்பாட்டுக் கடை நடத்தி வந்தது.

கடையில் மூன்று பேர் வேலை செய்தார்கள். மந்தி சமைத்தது. நாரை பரிமாறியது. நீர்நாய் குளத்தில் இறங்கிப் பாத்திரம் கழுவியது. கரடி கல்லாவில் உட்கார்ந்திருந்தது. உட்காருவதும் ஒரு வேலைதான் என்று கரடி சொல்லும். ஆனால் அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுக்க அதற்கு மனம் வந்ததில்லை.

சாப்பிட வருகிறவர்களுக்குப் பாய் உண்டு. கரடிக்கு முக்காலி உண்டு. வேலை செய்கிறவர்களுக்கு நிற்பதற்கு நிறைய இடம் உண்டு.

"உக்காந்தா சோம்பல் வந்துரும்மா," என்று கரடி அன்பாகச் சொல்லும். அதனால் நாரை ஒரு காலைத் தூக்கி மடித்துக்கொண்டு மறு காலில் நிற்கும். ஒரு காலுக்காவது லீவு கிடைக்கட்டுமே என்று அதற்கு எண்ணம். சாப்பிட வந்தவர்கள் அதை ஒரு அழகு என்று நினைத்து ரசித்தார்கள்.

கரடியைக் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. அது யாரையும் அதட்டாது, அடிக்காது. எப்போதும் வாயில் கொஞ்சம் தேன் இருக்கும். பேச்சிலும் இருக்கும்.

"என்னை முதலாளின்னு கூப்பிடாதீங்க. அண்ணேன்னு கூப்பிடுங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம்." வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எல்லாரிடமும் இதைச் சொல்லிவிடும்.

குடும்பம் என்று ஆகிவிட்ட பிறகு சில விஷயங்களைக் கேட்கக் கூச்சமாகத்தானே இருக்கும்.

"அண்ணே, பசிக்குது. ஒரு வாய் சாப்பிட்டுட்டு வரட்டுமா?" என்று நீர்நாய் கேட்டால், "பந்தி நேரம்டா தம்பி. முடியட்டும்," என்று பதில் வரும். பந்தி முடியும்போது சோறும் முடிந்திருக்கும்.

"அண்ணே, வாரத்துல ஒரு நாளாச்சும் லீவு குடுங்க. உடம்பெல்லாம் வலிக்குது," என்று மந்தி கேட்கும். "வீட்டு அடுப்புக்கு யாராவது லீவு விடுவாங்களா?" என்று கரடி சிரிக்கும்.

"எத்தனை மணி நேரம்ணே நிக்கிறது? இருட்டினதுக்கு அப்புறம் பாக்குற வேலைக்குத் தனிக் கூலி கிடையாதா?" என்று நாரை ஒருமுறை கேட்டது. அன்றைக்குத்தான் கரடியின் முகம் வாடியது.

"குடும்பத்துல மணி கணக்குப் பாப்பாங்களாம்மா? கடைசி ஆள் சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் நம்ம வேலைதானே?"

நாரைக்கே ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. அப்படி ஒரு வருத்தத்தோடு கேட்டது கரடி. சாயங்காலம் வழக்கமாகக் கூலியாகக் கொடுக்கும் ஒரு கைப்பிடி மூங்கிலரிசியை அன்று இன்னும் அன்பாகக் கொடுத்தது. அளவு மட்டும் அதேதான்.

இப்படி இருக்கும்போது நாரை இரண்டு முட்டை இட்டது. குளத்தோரத்து மரத்தில் கூடு. நாரையின் கணவரைக் கரடிதான் மூங்கிலரிசி வாங்கிவர மலைக்கு அனுப்பியிருந்தது. அவரும் குடும்பம்தான். அதனால் அவருக்கும் லீவு இல்லை.

வெயில் இருந்த வரை கவலையில்லை. பகலில் வெயிலே முட்டைகளுக்குச் சூடு கொடுத்தது. இரவில் நாரை போய் அடைகாத்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. காலையில் விட்டுவிட்டு வந்த முட்டைகள் இரவில் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தன. இன்னும் சில நாள் இப்படியே போனால் உள்ளே இருக்கும் குஞ்சுகள் பிழைக்காது.

மறுநாள் நாரை நேராகக் கல்லாவுக்குப் போனது.

"அண்ணே, குஞ்சு பொரியிற வரைக்கும் லீவு வேணும்."

"இந்த மழையில எல்லாரும் சூடா சாப்பிட இங்கதான் வருவாங்க. இப்பப் போய் லீவா?"

"முட்டை குளிர்ந்து போகுதுண்ணே."

கரடி எழுந்து நின்றது. கடை நிறையக் கூட்டம். உடும்பு, முயல், புனுகுப்பூனை என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டது.

"அம்மா நாரை, உன் முட்டை வேற, என் முட்டை வேறயா? அதுங்களும் என் பிள்ளைங்கதான். நீ தைரியமா பந்தியைப் பாரு," என்றுவிட்டு மறுபடி முக்காலியில் உட்கார்ந்தது.

"இப்படி ஒரு முதலாளி யாருக்குக் கிடைப்பார்!" என்று உடும்பு உருகியது.

நாரை சாம்பார் வாளியைக் கீழே வைத்தது. மரத்துக்குப் பறந்து போய், இரண்டு முட்டைகளையும் ஒரு நார்க்கூடையில் வைத்து, அலகில் தூக்கிக்கொண்டு வந்தது. கூடையைக் கரடியின் மடியில் வைத்தது.

"என்னம்மா இது?" என்றது கரடி.

"உங்க பிள்ளைங்கண்ணே. இந்தக் கடையில உக்காந்து பாக்குற வேலை உங்களுக்கு மட்டும்தானே இருக்கு? நாங்க நிக்கிறவங்க, எங்களால அடைகாக்க முடியாது."

"நான் கல்லாவைப் பாக்கணுமே!"

"கல்லாவைப் பாக்கக் கண்ணு போதும்ணே. மடி சும்மாதானே இருக்கு."

மறுத்துப் பேச வாய் திறந்த கரடி, கூட்டத்தைப் பார்த்தது. உடும்பு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. கரடி வாயை மூடிக்கொண்டு, கூடையை வயிற்று ரோமத்தோடு அணைத்துக்கொண்டது. அடர்த்தியான ரோமம். நாரையின் இறகைவிடக் கதகதப்பாகவே இருந்தது.

முதல் நாள் கரடிக்குப் பெருமை தாங்கவில்லை. அடைகாக்கும் கரடியைப் பார்க்கக் காடே திரண்டு வந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டும் போனார்கள். வியாபாரம் இரண்டு பங்காக நடந்தது. இரவில் நாரை கூடையை வாங்கிக்கொண்டு போய், காலையில் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தது.

அடுத்தடுத்த நாட்களில்தான் கரடிக்கு விஷயம் புரிந்தது. வழக்கமாகக் காலையில் ஒருமுறை எழுந்துபோய்த் தேன் நக்கிவிட்டு வரும். மதியம் புளியமரத்தில் முதுகைத் தேய்த்துவிட்டு ஒரு தூக்கம் போடும். இப்போது எதற்கும் எழ முடியவில்லை. அசைந்தால் முட்டை உருளும். முதுகோ, மழை ஈரத்தில் அரித்துத் தள்ளியது.

"நாரை, கொஞ்சம் வாங்கிக்கயேன். முதுகைச் சொறிஞ்சிட்டு வந்துர்றேன்."

"பந்தி நேரம்ணே. முடியட்டும்," என்றபடி நாரை வாளியோடு கடந்து போனது.

"டேய் நீர்நாய், பசிக்குதுடா. ஒரு இலை போடு."

"அப்பவே சோறு முடிஞ்சிருச்சுண்ணே. நாங்களும் சாப்பிடலை." நீர்நாய் சொன்னது உண்மைதான். அதைக் கரடி அன்றைக்குத்தான் நம்பியது.

"அட, நாளைக்கு ஒரு நாளாவது என்னை விடுங்கப்பா," என்று கரடி கெஞ்சியது.

அடுக்களையிலிருந்து மந்தி எட்டிப் பார்த்தது. "பிள்ளைங்களைப் பாக்குறதுக்குப் பெத்தவங்க லீவு கேப்பாங்களாண்ணே?"

அன்று பார்த்து உடும்பு பாயில் சம்மணம் போட்டு, மோரை ஒவ்வொரு வாயாக ரசித்துக் குடித்தது. வெளியே இருட்டிவிட்டது. கரடி உடும்பைப் பார்த்த பார்வையில் அன்பு கொஞ்சமும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு வாடிக்கையாளர் சீக்கிரம் எழுந்து போக வேண்டும் என்று அது வேண்டிக்கொண்டது. நாரையும் மந்தியும் நீர்நாயும் அதைப் பல வருடமாக வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மதியம், கடை நிறைந்திருக்கும் நேரத்தில், கரடி நாரையை அருகில் கூப்பிட்டது. குரலைத் தாழ்த்தியது.

"இந்தா, உன் முட்டையைத் தூக்கிட்டுப் போ. குஞ்சு பொரியிற வரைக்கும் லீவு. கூலியும் உண்டு. போதுமா?"

கூடையைத் தூக்கினால் போதும், பறந்துவிடலாம். முட்டைகளின் மேல் அலகு படும் அளவுக்கு நாரை குனிந்துவிட்டது. அப்போது கரடி, "உனக்கு மட்டும்தான். வெளியே சொல்லாதே," என்றது.

நாரை நிமிர்ந்தது. குளத்தில் நீர்நாய் குளிரில் நடுங்கிக்கொண்டே பாத்திரம் தேய்த்தது தெரிந்தது. அடுக்களைப் புகையில் மந்தி இருமுவது கேட்டது.

"குடும்பத்துல ஒருத்தருக்கு மட்டும் ஒளிச்சுக் குடுத்தா சண்டை வரும்ணே. எல்லாருக்கும் சொல்லுங்க. அது வரைக்கும் பிள்ளைங்க உங்ககிட்டயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு இரண்டு காலையும் ஊன்றி நின்றது.

கரடிக்கு முதுகு தாங்கவில்லை. பொறுமை போய், கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டது.

"ஒரே இடத்துல எத்தனை நேரம்தான் கிடக்கிறது? மாத்தி விட ஆள் வேண்டாமா? நேரத்துக்குச் சோறு வேண்டாமா? வாரத்துல ஒரு நாள் வீட்டுல கிடந்து தூங்க வேண்டாமா? இருட்டினதுக்கு அப்புறமும் பாக்கணும்னா அதுக்குத் தனியா ஏதாவது தர வேண்டாமா?"

நீர்நாய் ஈரக் கையோடு வந்து நின்றது.

"நல்லா சொன்னீங்கண்ணே. இதையே எங்களுக்கும்னு சேர்த்துச் சொல்லிருங்க."

"எல்லாருக்கும்தான்!" என்று கத்தியது கரடி. "இன்னையிலேர்ந்து! முக்காலிகூடப் போட்டுக்குங்க! முதல்ல இந்தக் கூடையைத் தூக்குங்க!"

சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். இனி வார்த்தையை மாற்ற வழியில்லை.

நாரை அலகை நீட்டியது. அதற்குள் கரடியின் மடியில் ஏதோ விரிசல் விடும் சத்தம் கேட்டது. ஒரு முட்டையின் ஓடு பிளந்து, ஈரத்தலை ஒன்று வெளியே வந்தது. அது கண் திறந்து, எதிரே இருந்த கறுத்த ரோம முகத்தை நன்றாகப் பார்த்தது.

"அம்மா," என்றது.

பந்தியே சிரித்தது. நாரை சிரித்துக்கொண்டே அழுதது. கரடி மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் குஞ்சைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறு முட்டையும் பொரிந்து, லீவு முடிந்து நாரை திரும்பி வந்தபோது, கல்லாவுக்கு எதிரே மூன்று முக்காலிகள் கிடந்தன. "காட்டுலயே முதல்ல லீவு குடுத்த கடை நம்மளோடதுதான். எல்லாம் நானா யோசிச்சுச் செஞ்சது," என்று கரடி உடும்பிடம் சொல்லிக்கொண்டிருந்தது. நாரை அதைக் கேட்டும் மறுக்கவில்லை. உட்கார்ந்துகொண்டு கேட்க அது அவ்வளவு மோசமாக இல்லை.

"அண்ணே, வந்துட்டேன்," என்றது.

கரடி அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தது. "இனிமே அண்ணேன்னு கூப்பிடாதீங்கம்மா. முதலாளின்னே கூப்பிடுங்க. அதுதான் எனக்குக் கட்டுப்படியாகும்."

"சரிங்க முதலாளி," என்றார்கள் மூவரும். கரடியை அவர்கள் அவ்வளவு பிரியமாகக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

குடும்பம் என்று சொல்லியே கூலியையும் ஓய்வையும் மறுக்கிறவரிடம், குடும்பத்தின் சுமையையும் மனமாரப் பகிர்ந்து கொடுத்தால், நியாயத்தை அவரே கூவிச் சொல்வார்.