மேலக்கரை மரத்தின் கடைசிக் குஞ்சு

ஓடைக்குடிக் கண்மாய்ப் பறவைகள் சரணாலயத்துக்கு ரேஞ்சராக வந்த முதல் வாரமே மாசிலாமணிக்கு ஒரு குரு வாய்த்துவிட்டார். தேடிப் போய்க் கும்பிட்டுச் சேர்ந்ததெல்லாம் இல்லை. உச்சி வெயிலில் கரையில் நின்று, பைனாகுலர் வழியாக நாரைகளை எண்ணி, நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். பக்கத்தில் மண்வெட்டியோடு நின்ற பெண் எட்டிப் பார்த்தார்.

"வீட்டாளுக எல்லாம் வேலைக்குப் போன நேரமாப் பாத்து ஆளு எண்ணுறீகளே சார்."

மறுநாள் விடியும்போது வந்து எண்ணினார். ஐந்நூறுக்கு மேல் இருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் பஞ்சவர்ணம். கண்மாய் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் குடும்பத்து வேலை. இலாகாவும் அவரையே காவலுக்கு வைத்திருந்தது. மாசிலாமணியைவிட எட்டு வயது இளையவர். படித்தது ஐந்தாம் வகுப்பு. மாசிலாமணியோ வனவியலில் பட்டம் வாங்கியவர். அன்றிலிருந்து அவர் பஞ்சவர்ணத்தை 'வாத்தியாரம்மா' என்று கூப்பிட்டார். முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்.

கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் அந்தக் கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்த் தலைவரான அம்பலம் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசியதும் சுற்றுப்பட்டுச் சனமெல்லாம் ஊத்தாக்கூடையும் வலையுமாக இறங்கும். யார் பிடித்தாலும் பிடித்தவருக்கு. விற்கக் கூடாது. அன்றைக்கு அந்த வட்டாரத்தில் மீன் குழம்பு மணக்காத வீடு இருக்காது.

மாசிலாமணி வந்த வருடமே அதை நிறுத்தினார். மரங்களில் இன்னும் குஞ்சுகள் இருந்தன. ஆயிரம் பேர் இறங்கிக் கூச்சல் போட்டால் தாய்ப் பறவை கூட்டுக்குத் திரும்பாது. காரணம் நியாயமானதுதான். கரைக்கு ஏறும் பாதையில் சங்கிலி போட்டார். 'அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்' என்று பலகை வைத்து, அடியில் தம் பெயரையும் பதவியையும் எழுதச் சொன்னார்.

"ஒரு நாளச் சொல்லிட்டு மூடுங்க சார்," என்றார் பஞ்சவர்ணம்.

"எந்த நாளை?"

"தெறக்குற நாள."

"திறக்கிறதா இல்லையே."

பஞ்சவர்ணம் மேற்கொண்டு பேசவில்லை. ஊரும் பேசவில்லை. சனம் இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிறதே என்று மாசிலாமணிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்தச் சந்தோஷம் தீபாவளிவரை தாங்கியது. பறவைகள் மிரளும் என்று நான்கு தலைமுறையாக வெடி வெடிக்காத ஊர் ஓடைக்குடி. அந்த வருடம் கரைக்குப் பக்கத்திலேயே சரவெடி கேட்டது. மாசியில் அதைவிட மோசம். வெளியூர் ஆட்கள் மூன்று பேர் பட்டப்பகலில் வலை கட்டி அறுபது பறவைகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். பஞ்சவர்ணம் மறுகோடியில் மடைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த நேரம்.

மாசிலாமணி அம்பலம் சேவுகமூர்த்தியின் வீட்டுக்கே போய்க் கேட்டார்.

"இத்தனை பேர் இருக்கிற ஊர்ல ஒருத்தர்கூடப் பாக்கலையா?"

"பாத்தோம் சார். உங்க ஆளுகன்னு நெனச்சோம்."

அம்பலம் குத்திப் பேசினாரா, உள்ளதைச் சொன்னாரா என்று மாசிலாமணிக்குப் புரியவில்லை. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அறுபது பறவை என்பது அவருக்கு வெறும் எண்ணிக்கை இல்லை. பாதிக்கு மேல் அவருக்கு முகம் தெரியும்.

மேலிடம் வேலி போடச் சொன்னது. சித்திரைக் கடைசியில் கான்கிரீட் தூண்கள் லாரியில் வந்து கரையோரம் இறங்கின. அதே வாரம் அம்பலம் மனுவோடு வந்து நின்றார். இந்த வருடமாவது வெள்ளை வீச விடவேண்டும்.

மாசிலாமணி மேலதிகாரிக்குப் போன் போட்டார். "உங்க பொறுப்பு," என்றார் அதிகாரி. "ஆனா ஒரு குஞ்சு செத்தாலும் வேலிதான். அப்புறம் ஊரும் இல்லை, திருவிழாவும் இல்லை."

மாசிலாமணி மடைக்குப் போனார். பஞ்சவர்ணம் மடைப்பலகையில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரம்மா, வேலி போடவா, திறந்துவிடவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"இந்தக் காக்கிச் சட்டையக் கழட்டிட்டு வேற சட்டை மாட்டிட்டு வாங்க. ஊருக்குள்ள போயிட்டு வருவோம்."

ஓடைக்குடியில் நான்கு கரை. கரை என்றால் வகையறா. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களை நான்கு கரையும் பங்கு பிரித்து வைத்திருந்தன. வெட்டுவதற்கு அல்ல, பார்த்துக்கொள்வதற்கு. மாசிலாமணிக்கு அதெல்லாம் தெரியாது. பஞ்சவர்ணம் கரைக்கு ஒரு வீடாக நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்.

"உங்க மரத்துல எத்தன குஞ்சு?"

கீழக்கரையில் உதட்டைப் பிதுக்கினார்கள். நடுக்கரையில், "இருக்கும் ஒரு பத்து இருவது," என்றார்கள். தெற்குக்கரை வீட்டில் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேலக்கரை அடைக்கம்மை மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தார்.

"என்னையக் கேட்டா? போர்டுல சார் பேருதான போட்டிருக்கு. சாரக் கேளு."

திரும்பி வரும்போது மாசிலாமணி கேட்டார். "முன்னாடி இவங்களுக்குத் தெரியுமா?"

"எந்தக் கூட்டுல என்னைக்கு முட்டை விரிஞ்சதுன்னு தெரியும். கடைசிக் கூடு காலியாகாம அம்பலம் துண்டத் தொடமாட்டாக. நாலு கரையும் எங்கிட்ட வந்து 'எங்க மரம் காலி'ன்னு சொல்லணும். அதுக்கு மறுநாத்தான் வெள்ளை."

மாசிலாமணி நின்றுவிட்டார். "போன வருஷமே இதை என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நாளச் சொல்லிட்டு மூடுங்கன்னேனே சார்."

அவருக்குக் காது மடல் சுட்டது. அன்று 'எந்த நாளை' என்று தாம் கேட்ட தொனி இன்னும் நினைவிருந்தது.

அன்று மாலையே சங்கிலியைக் கழற்றினார். பலகையை அழித்து வேறு எழுதச் சொன்னார்: 'நான்கு கரை மரமும் காலியான மறுநாள் வெள்ளை வீசப்படும்.' கீழே பெயர் போடவில்லை.

மறுநாள் காலையில் கரை மேல் கூட்டம். வேலிக்கு வந்த தூண்களில் வரிசையாக உட்கார்ந்து சனம் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டுப் பக்கம் போன நாய்க்கு நாலா பக்கமிருந்தும் வசவு விழுந்தது. எட்டு நாளில் கீழக்கரை வந்து சொன்னது, எங்கள் மரம் காலி. அப்புறம் தெற்குக்கரை. அப்புறம் நடுக்கரை. மேலக்கரை மட்டும் வரவில்லை.

மேலக்கரை மரத்தில் ஒரே ஒரு சாம்பல் நாரைக் குஞ்சு பாக்கி. ஜோடியில் ஒன்று மாசி மாதச் சாக்கில் போயிருக்க வேண்டும். மற்றது தனியாக இரை தேடியது. கண்மாயில் குழம்பின சேறுதான் மிச்சம் என்பதால் அது மூன்று மைல் தள்ளிப் போய் வந்தது. குஞ்சு கூட்டில் எழுந்து நிற்கும், சிறகை விரிக்கும், உட்கார்ந்துவிடும்.

ஆக்கப் பொறுத்த சனத்துக்கு ஆறப் பொறுக்கவில்லை. திருவிழாவுக்கென்று வெளியூரிலிருந்து உறவெல்லாம் வந்து இறங்கியிருந்தது. தண்ணீர் நாளுக்கு நாள் சுண்டியது. இன்னும் பத்து நாள் போனால் மீன் வெந்து செத்து மிதக்கும், யாருக்கும் இல்லாமல் போகும். அடைக்கம்மை தெருவில் தலைகாட்ட முடியவில்லை.

"உங்க குஞ்சு பறக்குறதுக்குள்ள கண்மாய் மீனு கருவாடாயிரும்த்தா."

மாசிலாமணிக்குத் தூக்கம் போயிற்று. யாராவது ஒருவன் பொறுமை கெட்டு ஒரு கல்லை எறிந்தால் போதும். அத்தோடு எல்லாம் முடிந்தது.

"நான் வேணா குஞ்சை ஜீப்புல எடுத்துட்டுப் போயிடறேன், வாத்தியாரம்மா. ஆபீஸ்ல வச்சு வளத்துப் பறக்க விட்டுடலாம். நாளைக்கே வெள்ளை வீசலாம்."

"எடுக்கலாம் சார். அடுத்த வருசம் ஒரு குஞ்சு பிந்துச்சுன்னா மேலக்கரையில மரத்தப் பாக்கமாட்டாக. உங்க ஜீப்பத்தான் பாப்பாக."

அவர் ஜீப்பை எடுக்கவில்லை. தினமும் மரத்துக்கு எதிரே கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் பகலில் அடைக்கம்மை சேற்றில் இறங்கி நடப்பதைப் பார்த்தார். தலையில் ஒரு பெரிய அண்டா. பின்னால் அவர் மருமகன், கையில் கடப்பாரை. நேராக அந்த மரத்தை நோக்கிப் போனார்கள். மாசிலாமணி எழுந்தார். குடையைப் போட்டுவிட்டு, செருப்பு சேற்றில் புதைந்ததுகூடத் தெரியாமல் ஓடினார்.

"நில்லுங்க! கிட்டப் போகாதீங்க!"

அடைக்கம்மை நின்றார். மரத்துக்கு முப்பது அடி இப்பால்தான் நின்றிருந்தார்.

"எதுக்கு சார் இப்பிடிக் கத்துறீக? குஞ்சு பயந்துக்கிராதா?"

மருமகன் சேற்றைக் குத்திக் குழி பறித்தான். அண்டாவைக் குழியில் இறக்கினார்கள். உள்ளே தண்ணீர், தண்ணீரில் கிணற்றிலிருந்து வடிகட்டிப் பிடித்த பொடிக் கெண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"தாய்க்காரி மூணு மைலு போயி மூணு மைலு வந்தா, அது எப்பத் தின்னு எப்பப் பறக்குறது?" என்றார் அடைக்கம்மை. "எம்மருமகன் மீனுக்குன்னு வந்து பன்னெண்டு நாளாச்சு. கோழியா அறுத்துப் போட்டுக் கூடையில கோழியே இல்ல சார்."

மாசிலாமணி குனிந்தார். சேற்றுக்குள் கையை விட்டுச் செருப்பைத் தேடினார்.

அன்று முழுவதும் தாய் நாரை அண்டாப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் கிளையிலிருந்து கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. அதற்கு மறுநாள் இறங்கி நடந்து வந்து அண்டாவுக்குள் மூக்கை விட்டது. கரை மேல் ஐம்பது பேர் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். அன்றிலிருந்து விடியலில் நான்கு கரைச் சனமும் தூக்குவாளியில் பொடிமீன் கொண்டுவந்து ஊற்றியது. கேலி பேசினவர்கள்தான் அதிகம் கொண்டுவந்தார்கள்.

ஆறாம் நாள் காலையில் குஞ்சு எழுந்து நின்றது. சிறகை விரித்தது. உட்காரவில்லை. பக்கத்து மரத்துக்குப் பாய்ந்து, கிளை தவறி, சேற்றில் விழுந்தது. கரை மேல் 'ஐயோ' என்று ஒரே சத்தம். மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது அது சேற்றை உதறிக்கொண்டு மடைக்கு மேலே தாழப் பறந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அடைக்கம்மை கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஞ்சவர்ணத்திடம் வந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"எங்க மரம் காலி."

மறுநாள் சூரியன் எழும்பியதும் அம்பலம் வெள்ளையை வீசினார். பதினோரு ஊர்ச் சனம் ஒரே பாய்ச்சலாக இறங்கியது. மாசிலாமணியும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். பஞ்சவர்ணம் ஊத்தாவைச் சேற்றில் அமுக்குவதும் மேல் வாய்க்குள் கைவிட்டுத் துழாவுவதுமாக முன்னால் போய்க்கொண்டிருந்தார். அடைக்கம்மையின் மருமகன் முழங்கை நீள விரால் ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிச் சீட்டியடித்தான்.

"வாத்தியாரம்மா," என்றார் மாசிலாமணி. "மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதணும். வேலி வேண்டாம்னு எழுதப் போறேன். ஏன்னு கேப்பாங்க."

"எழுதுங்க சார்."

"இந்த ஜனங்க குஞ்சைக் காப்பாத்தினது பறவை மேல இருக்கிற பாசத்துலயா, மீன் மேல இருக்கிற ஆசையிலயா? எனக்கே தெரியலை. எதுன்னு எழுத?"

பஞ்சவர்ணம் ஊத்தாவுக்குள் தோள்வரை கையை விட்டு எதையோ பிடித்திருந்தார். அது கைக்குள் நின்று அடங்கியதும் நிமிர்ந்தார்.

"குஞ்சு அதக் கேக்கல சார்."