ரிவால்வரின் இரண்டாவது சாவி

தாண்டிக்குடி மலையில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் செவந்தியப்பனுக்கு வயது அறுபத்தெட்டு. பக்கத்துத் தோட்டத்துத் தம்பதியைக் கொள்ளையர் வெட்டிப் போட்டதிலிருந்து அவர் ரிவால்வரைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருக்கிறார். அதிலேயே ஒரு பூட்டு உண்டு. சிறு சாவியால் திருகிவிட்டால் விசை நகராது. சாவிகள் இரண்டு. தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைத்து மீட்டபோது ஒன்று தொலைந்துவிட்டதாக மனைவி மரகதம் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை இருவரும் திண்டுக்கல்லில் லத்தீப்பின் துப்பாக்கிக் கடைக்கு வந்தார்கள்.

"இந்தப் பூட்டைக் கழட்டி எறிங்க பாய். நான் திறந்துதான் வைக்கிறேன், அது தானா விழுந்துக்குது."

"தானா விழாதுங்களே. எப்பத் தெரிஞ்சுது?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம். நல்ல மழை, கரண்ட் இல்ல. பின்கதவை எவனோ தள்றான். யாருன்னு கேட்டா பதில் இல்ல. விசையை அமுக்குறேன், அசையவே இல்ல! கொள்ளைக்காரனா இருந்தா இந்நேரம் எனக்குப் பால் ஊத்தியிருப்பாங்க."

"வந்தது யாரு?"

"மாப்பிள்ளை. மழை இரைச்சல்ல நான் கேட்டது காதுல விழலையாம்." செவந்தியப்பன் சிரித்தார்.

லத்தீப் சிரிக்கவில்லை. பூட்டை மூன்று முறை சோதித்தார், பழுதில்லை.

"இன்னொரு சாவி எங்கம்மா?"

மரகதம் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினாள். அதற்குள் லத்தீப் பார்த்துவிட்டார்: தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்குகளுக்கு நடுவே ஒரு சிறு சாவி. அவள் முகம் வெளுத்திருந்தது. பூட்டை எடுத்தால் அடுத்து அந்தக் கதவைத் தள்ளுவது பேரனாக இருக்கலாம். உண்மையைச் சொன்னாலோ சாவி அவள் கையை விட்டுப் போய்விடும்.

லத்தீப் துப்பாக்கியைத் துடைத்துத் திருப்பித் தந்தார். "பூட்டுல குறையில்லீங்க. தானா விழாது. அதை எடுக்கவும் மாட்டேன்."

"அப்ப நான்தான் மறந்து பூட்டியிருக்கேன். இனி துப்பாக்கியை நம்பலாம்?"

லத்தீப் தலையாட்டினார்.

பூட்டே வேண்டாம் என்ற செவந்தியப்பன், சொல்லாமல் பூட்டிவந்த மரகதம், கண்டும் வாய் திறக்காத லத்தீப். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: வெள்ளிக்கிழமை விசை நகர்ந்திருந்தால் மகள் விதவையாகியிருப்பாள். ஆகவே மரகதம் பூட்டியது சரி, லத்தீப் அதை எடுக்க மறுத்ததும் சரி. மறைத்ததுதான் இருவரும் செய்த பிழை. பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தவர்கள் இன்னும் பிடிபடவில்லை. அவர்கள் இங்கே வரும் நாளில் செவந்தியப்பன் ஓடி ஒளியமாட்டார். ரிவால்வர் வெடிக்கும் என்று நம்பி, கதவைத் தாமே திறப்பார்.