இரண்டும் தட்டு

முன்னொரு காலத்தில் கருவேலங்கோட்டையைக் கடம்பராயன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். பாதி நாள் கச்சேரி கேட்டுத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டு எண்ணிக்கைத் தாளம் என்ன பெரிய வித்தையா? முதல் எண்ணுக்கு உள்ளங்கை கவிழ்ந்து ஒரு தட்டு. அடுத்ததற்குக் கை மலர்ந்து ஒரு வீச்சு. ராஜாவுக்கு வீச்சு பிடிக்கவில்லை.

"ராஜா கையை மலர்த்தி நீட்டுவதா? பிச்சை கேட்பது போலிருக்கிறதே!"

ஆஸ்தான வித்துவான் விடங்கப் பண்டிதர் குழைந்தார். "இரண்டையும் தட்டாகவே போடுங்கள், மகாராஜா. முதல் அடி, இரண்டாம் அடி என்ற பேதமே இனி நாட்டில் இல்லை என்று பறையறைந்துவிடுகிறேன்."

அறைந்தார்கள். அன்றைய கச்சேரியில் மத்தளக்காரர் ஆவுடையப்பர் முதல் அடியில் கச்சிதமாக வந்து முடித்தார். சபை ஆரவாரித்தது. பண்டிதருக்கு அந்த ஆரவாரம் என்றைக்குமே ஆகாது. ராஜாவோ இரண்டையும் தட்டித் தட்டி, எது முதல் அடி என்றே தெரியாமல் விழித்தான்.

"நான் தப்பினேனா, மத்தளம் தப்பியதா?"

"மத்தளம்தான், மகாராஜா!" என்றார் பண்டிதர்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளக்காரருக்குச் சிம்மாசனப் பக்கமிருந்தே மொத்த இடியும் விழுந்தது. வலது கட்டைவிரலை வெட்டும்படி தீர்ப்பு. அந்த ஊர் வழக்கப்படி தண்டனைத் திடலில் முரசு இரண்டு முறை ஒலிக்கும். முதல் அடி ராஜா மன்னிப்பதற்கு, இரண்டாம் அடி கத்திக்கு.

மந்திரி ஆதனாருக்கு இது அநியாயம் என்று தெரிந்தது. நேராகச் சொன்னால் கேட்கிற ராஜாவாக இருந்தால் மந்திரிக்கு விகடம் எதற்கு? பல்லக்குத் தூக்குகிறவர்களிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

வெட்டுவதைப் பார்க்க ராஜா பல்லக்கில் கிளம்பினான். நாலு பேரும் வலது காலை வைத்தார்கள். அடுத்து, மறுபடியும் வலது காலையே வைத்தார்கள். பல்லக்கு குதித்துக் குதித்து, திடலின் ஓரத்தில் ராஜாவைச் சேற்றில் கொட்டியது.

"இடது கால் என்னடா ஆயிற்று?"

"அதை ரத்து செய்தாயிற்று, மகாராஜா," என்றார் ஆதனார். "இரண்டும் தட்டு என்றால் இரண்டும் வலதுதானே? ஒரு கால் ஊன்ற, ஒரு கால் எழ, அதற்குப் பெயர் நடை. தாளமும் அப்படித்தான்."

ராஜா சேற்றில் உட்கார்ந்தபடியே தொடையில் ஒருமுறை தட்டினான். மெல்லக் கையைத் திருப்பினான்.

"அப்படியானால் ஆவுடையப்பர்..."

திடலில் முரசு ஒருமுறை அதிர்ந்தது.

"நிறுத்து! மன்னித்தேன்!" என்று அலறிக்கொண்டு ஓடினான். கத்தி இறங்கிவிட்டிருந்தது.

"முதல் அடிக்கே ஏனடா வெட்டினாய்?"

சேவகன் கத்தியைக் கீழே வைத்தான். "முதல், இரண்டு என்ற பேதமே இல்லைன்னு காலையிலதானே பறையறைஞ்சாங்க, மகாராஜா?"

பண்டிதரின் சால்வையை உருவி, அவரைக் கோட்டை வாசலில் கையை மலர்த்தியபடி நிற்க வைத்தான் ராஜா. மந்திரிக்கு முத்துமாலை கொடுத்தான். "ஓர் அடி பிந்திய புத்திக்கு மாலை எதற்கு?" என்று அவர் வாங்க மறுத்துவிட்டார்.

கடைசியில் ராஜா ஆவுடையப்பர் முன்னால் வந்து நின்றான். பிச்சைக்காரன் கை என்று பழித்தானே, அதே போலக் கையை மலர்த்தி நீட்டினான்.

ஆவுடையப்பர் துணி சுற்றிய தன் கையையும் அந்தக் கையையும் பார்த்தார்.

"தட்டு சரி, வீச்சும் சரி. காலம்தான் தப்பிவிட்டது, மகாராஜா."