வெறும் தோள்

அஞ்சுகத்துக்கு இடது கண் தானாகத் துடிக்கும். கண்ணில் தொடங்கினால் கன்னத்தை இழுத்து, வாயோரத்தையும் கோணவைத்துவிட்டுத்தான் ஓயும். ஒருநாள் பஸ்ஸில் எவனோ, தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறாள் என்று நினைத்து, அவள் இறங்கிய இடத்திலேயே தானும் இறங்கிவிட்டான். அன்றிலிருந்து அவள் முந்தானை முகத்தை விட்டு விலகவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதுகூட.

காதுக்குப் பின்னால் சின்னதாகத் திறந்து ஆபரேசன் செய்தவன் இன்பசேகர். டாக்டர் மரகதவல்லியிடம் தொழில் கற்க வந்தவன். அவர் பக்கத்தில் நிற்க, முழுதும் தன் கையால் அவன் செய்த முதல் ஆபரேசன் அது. முகத்துக்குப் போகும் நரம்பின் மேல் ஒரு ரத்தக்குழாய் சாய்ந்துகொண்டு, ஓயாமல் இடித்துக்கொண்டிருந்தது. எதையும் வெட்டவில்லை. குழாயை மெல்லத் தூக்கி, நடுவில் பஞ்சு மாதிரி ஒரு சின்னத் திண்டு வைத்து மூடினான்.

தையல் பிரித்த பிறகும் கண் துடித்தது. முன்னைவிடக் குறைவுதான். ஆனாலும் துடித்தது.

இன்பசேகருக்குச் சோறு இறங்கவில்லை.

"மேடம், நாளைக்கு மறுபடி திறந்து பாத்துடறேன். தியேட்டர்ல நேரம் கேட்டுட்டேன்."

"ஸ்கேன் பாத்தியா?"

"பாத்தேன்."

"திண்டு?"

"வெச்ச இடத்துலதான் இருக்கு."

"குழாய் நரம்பைத் தொடுதா?"

"தொடல."

"அப்புறம் உள்ள போய் என்னத்தைத் தேடப் போறே?"

"துடிக்குதே மேடம்! இடிச்சதை விலக்கியாச்சு. அப்புறமும் ஏன் நிக்கல?"

மரகதவல்லி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வா" என்று வார்டுக்கு நடந்தார்.

ஜன்னலோரமாக நின்று அஞ்சுகம் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, மறுபடியும் மண்டையைத் திறக்கணுமாமே? அந்தப் பக்கத்துக் காது போனாலும் போகும்னு டாக்டர் சொல்றாரு. பிள்ளை அந்தப் பக்கந்தானே படுப்பா. ராத்திரி சிணுங்கினா எனக்குக் கேக்க வேணாமா?"

இன்பசேகர் தரையைப் பார்த்தான்.

"பிள்ளையை இப்படிக் குடு. எவ்வளவு கனம்னு பாப்போம்."

மரகதவல்லி குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "தூங்கிட்டாளா?"

"எங்க! கண்ணை மூடிட்டுக் கிடப்பா கள்ளி. கீழ விட்டதும் ஊரைக் கூட்டுவா. அப்படியே அவங்கப்பா."

சொல்லிக்கொண்டே அஞ்சுகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினாள். அவள் கை வெறும் தோளைத் தட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, பிள்ளை மேடம்கிட்ட இருக்கு. நீ யாரைத் தட்டுறே?" என்றான் இன்பசேகர்.

"ஐயய்யோ!" அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். கை நின்றது.

"அவங்கப்பாவும் அப்படித்தானா?" என்று மரகதவல்லி பேச்சுக் கொடுத்தார்.

"அதை ஏன் கேக்கறீங்க! சோத்துல உப்பு ஒரு கல்லு கூடிட்டாப் போதும்..." அஞ்சுகம் சொல்லிக்கொண்டே போனாள். கை மறுபடி தட்டத் தொடங்கியிருந்தது.

இன்பசேகர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

குழந்தை ஒரு கொட்டாவி விட்டு மரகதவல்லியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"சொல்லு இன்பா," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "பிள்ளையை எடுத்தாச்சு, கை இன்னும் நிக்கல. நாளைக்கு இவ தோளையும் திறந்து பாத்துடுவோமா?"