எட்டுத் துண்டு பேக்கன்

குன்னூருக்கு மேலே, தேயிலைச் சரிவு முடிந்து கற்பூர மரங்கள் தொடங்குகிற இடத்தில் உலகம்மையின் வீடு இருந்தது. அதை ஆசிரமம் என்று யாராவது சொன்னால் அவரே சிரித்துவிடுவார். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, கம்பளி விரித்த தரை, அவ்வளவுதான். ஞானம் வேண்டும் என்று மலையேறி வந்தவர்களில் பாதிப்பேர் குளிர் தாங்காமல் மறு பஸ்ஸிலேயே இறங்கிப் போனார்கள்.

போகாமல் தங்கியவர் குற்றாலலிங்கம். சீடருக்கு வயது அறுபத்து மூன்று, குருவுக்கு நாற்பத்தொன்பது. குற்றாலலிங்கம் திருநெல்வேலிக்காரர். சர்வே துறையில் முப்பத்திரண்டு வருஷம் நிலம் அளந்தவர். எந்த விஷயமும் ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. சைவத்திலும் அதே கறார். கேக்கில் முட்டை இருக்குமோ என்று பயந்து, சொந்தப் பேரனின் பிறந்தநாளில் வாழைப்பழம் தின்றுவிட்டு வந்த மனுஷன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவர் குருவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒருத்தர் செஞ்ச உதவிக்கு எப்படிக் கைமாறு செய்யுதது?"

"யார் செஞ்ச உதவி?"

"மெண்டிஸ் அம்மா செஞ்சது."

உலகம்மைக்கு அது தெரிந்த கதைதான். மெண்டிஸ் அம்மா என்பவர் கீழ்வீட்டு ஆங்கிலோ இந்திய அம்மாள். எழுபது வயது, கணவர் இல்லை. போன மார்கழியில் உலகம்மை ஊரில் இல்லாத நேரம் பார்த்து குற்றாலலிங்கத்துக்கு நிமோனியா வந்து படுக்கையில் தள்ளிவிட்டது. அந்த அம்மாள்தான் டாக்டரைக் கூட்டிவந்தார். பதினோரு நாள், காலையும் மாலையும், மேட்டில் ஏறி வந்து கஞ்சி கொடுத்தார்.

முதல் நாள் குற்றாலலிங்கம் கஞ்சியைத் தொடவில்லை. "உங்க வீட்டுப் பாத்திரத்துல..." என்று ஆரம்பித்தவர் மேலே சொல்ல முடியாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மெண்டிஸ் அம்மா வருத்தப்படவில்லை. அன்று மத்தியானமே மார்க்கெட்டுக்குப் போய் ஒரு புது எவர்சில்வர் சட்டி வாங்கினார். கடை ஸ்டிக்கரைக்கூட உரிக்காமல் அவர் கண்ணெதிரே காட்டி, அதில் காய்ச்சிய கஞ்சியைக் கொடுத்தார். அதைக் குடித்துத்தான் அவர் பிழைத்தார். இதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் கண் கலங்கிவிடும். பெற்ற பிள்ளைகள்கூட போனில்தான் விசாரித்தார்கள்.

இப்போது மெண்டிஸ் அம்மா வீட்டை விற்றுவிட்டார். சனிக்கிழமை காலை மகளோடு இருக்க மெல்பர்னுக்குக் கிளம்புகிறார். இனி திரும்பி வரமாட்டார். குற்றாலலிங்கம் ஒரு காஷ்மீர் சால்வை வாங்கிக்கொண்டு போனார். "அங்க ஹீட்டர் இருக்கு, நீங்க போர்த்திக்கோங்க" என்று அந்த அம்மாள் அவர் தோளிலேயே போர்த்தி அனுப்பிவிட்டார். பழக்கூடை கொண்டுபோனார். அது சர்ச் பிள்ளைகளுக்குப் போய்விட்டது. நாள் போய்க்கொண்டிருந்தது, செய்ய வேண்டியது அப்படியே நின்றது.

"அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?" என்றார் உலகம்மை.

"இல்லியே."

"கேட்டுட்டு வாங்க."

அரைமணி நேரத்தில் குற்றாலலிங்கம் திரும்பி வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

மெண்டிஸ் அம்மா முதலில் ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். இவர் விடாமல் கேட்கவே, சொல்லிவிட்டார். அவருடைய கணவர் ஆல்வின் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஓவனில் பேக்கன் வாட்டுவார். அவர் போன பிறகும் மெண்டிஸ் அம்மா ஒரு ஞாயிறு தவறவிட்டதில்லை. இப்போது படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஒரு மாதமாக ஓவனைத் திறக்கவே இல்லை. ஃபிரிட்ஜில் ஒரு பாக்கெட் அப்படியே கிடக்கிறது. ஓவனை வாங்கியவர் நாளைக்கு வந்து தூக்கிக்கொண்டு போகிறார். அந்த வீட்டில், அந்த ஓவனில், இன்னும் ஒரே ஒரு தடவை சாப்பிட்டுவிட்டுப் போக ஆசை. "கேட்டதால சொன்னேன், மிஸ்டர் லிங்கம். நீங்க செய்யணும்னு இல்ல" என்றும் சொல்லியிருக்கிறார்.

பேக்கன் என்பது பன்றியின் வயிற்றுக்கறியை நீள நீளமாக, மெல்லிசாகச் சீவியது. அந்தப் பெயரை உச்சரிக்கும்போதே குற்றாலலிங்கத்துக்கு நாக்கு கூசியது.

குரு வேண்டாம் என்று சொல்லிவிடுவார், அதைச் சாக்காக வைத்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் மூச்சிரைக்க ஏறி வந்திருந்தார். உலகம்மை வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அம்மா, வாயில வைக்காத ஒண்ணை நான் சமைக்கலாமா? ருசி பாக்க முடியாதுல்லா?"

"உங்க ஊர்ல சாமிக்குப் படைக்கிற பொங்கலை ருசி பார்த்தா இறக்குவாங்க?"

"ஐயையோ, எச்சிலாயிருமே."

"அப்போ பழக்கம்தான். போய்ட்டு வாங்க."

குற்றாலலிங்கத்துக்குக் கோபம் வந்தது. சாமியையும் பன்றியையும் ஒரே மூச்சில் சொல்கிற குருவிடம் போய் மாட்டிக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வெளியே போய் கற்பூர மரத்தை நாலு சுற்றுச் சுற்றினார். பிறகு அந்த ஸ்டிக்கர் ஒட்டிய சட்டி நினைவுக்கு வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

மெண்டிஸ் அம்மா அவரை உள்ளே கூப்பிட்டார். பிறகு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்தபடியே வழி சொல்லிக்கொடுத்தார். தட்டில் அலுமினியத் தாள் விரிக்க வேண்டும். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் போட வேண்டும். ஓவன் சூடாவதற்கு முன்பே தட்டை உள்ளே வைத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். அப்போதுதான் கொழுப்பு மெதுவாக இளகி, துண்டு சுருளாமல் வாடும். இருபது நிமிஷம். திருப்பக் கூடாது, நடுவில் திறந்து பார்க்கவும் கூடாது. குற்றாலலிங்கம் பழைய சர்வே நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அதற்குள் சர்ச்சிலிருந்து நாலு பெண்கள் வழியனுப்ப வந்துவிட்டார்கள். மெண்டிஸ் அம்மா அவர்களோடு பேச உட்கார்ந்தார். இவர் தனியாகச் சமையற்கட்டுக்குள் போனார்.

தோள் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார். இரண்டு கைக்கும் பிளாஸ்டிக் பை. முதல் பேக்கன் துண்டை உரித்தார். "சிவ சிவ" என்றார். இதற்குப் போய் சாமியைக் கூப்பிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. அவருக்குத் தெரியாததா என்று நினைத்து, மறுபடியும் "சிவ சிவ" என்றார்.

எட்டுத் துண்டுகள். மனைப்பிரிவுக்குக் கோடு போட்ட கை அல்லவா, துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி விட்டுக் கனகச்சிதமாக வைத்தார்.

வைத்துவிட்டுப் பார்த்தால் தட்டு வறண்டு கிடந்தது. அவருக்கு மனசு ஒப்பவில்லை. அவர் வீட்டில் கத்திரிக்காயைக்கூட எண்ணெய் இல்லாமல் அடுப்பில் போட்டதில்லை. அலமாரியில் எண்ணெய் பாட்டில் இருந்தது. தாராளமாக இரண்டு கரண்டி ஊற்றினார். பக்கத்திலேயே உப்பு ஜாடி. இவ்வளவு செய்த அம்மாளுக்கு உப்பில்லாமல் ஒரு சாப்பாடா? எட்டுத் துண்டுக்கும் ஒரே அளவாக, மூன்று விரலால் அள்ளி அள்ளித் தூவினார். இந்த இரண்டும் நோட்டில் இல்லைதான். ஆனால் சோறு வடிக்கச் சொல்கிறவர் உலையில் தண்ணீர் ஊற்று என்றுமா சொல்லுவார்?

தட்டை உள்ளே வைத்து, பற்றவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் வாடை தாங்காமல் மூக்குத் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினார். பத்து நிமிஷம் போனதும் வாடை மறந்துவிட்டது. கண்ணாடிக் கதவு வழியாகத் துண்டுகள் பொன்னிறமாவது தெரிந்தது. ஒருவர் ஆசைப்பட்ட சாப்பாடு உள்ளே வெந்துகொண்டிருக்கிறது, அதற்குக் காவலாகத் தான் நிற்கிறோம் என்று தோன்றியது. அவருக்கு சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் ரிட்டையரான பிறகு அவருக்கு வந்ததே இல்லை.

விருந்தாளிகள் போன பிறகு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். கூட இரண்டு ரொட்டித் துண்டு. மெண்டிஸ் அம்மா இடது கையால் ஒன்றை எடுத்துக் கடித்தார். ஒரு நொடி மெல்லாமல் நிறுத்தினார். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். பிறகு, மூக்கில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் நிற்கிற குற்றாலலிங்கத்தைப் பார்த்தார். அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்படியே ஆல்வின் செஞ்ச மாதிரி இருக்கு, மிஸ்டர் லிங்கம்."

எட்டுத் துண்டையும் சாப்பிட்டார். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. நடுநடுவே மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். எழுந்ததும் குற்றாலலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு "தேங்க் யூ, மேன்" என்றார். குற்றாலலிங்கத்துக்குக் கூச்சமாகிவிட்டது. அவர் வீட்டில் யாரும் யாருக்கும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. "இதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று முணுமுணுத்துவிட்டு, நாலு தடவை கை கழுவிக்கொண்டு, மேட்டில் ஓட்டமும் நடையுமாக ஏறினார்.

உலகம்மை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"முடிஞ்சுதும்மா. அவங்க எனக்குச் செஞ்சதுக்கு நானும் செஞ்சுட்டேன். இனிமே நிம்மதியாத் தூங்குவேன்" என்றார் குற்றாலலிங்கம். நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு தாள் விரித்ததிலிருந்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். எண்ணெய் ஊற்றிய இடம் வந்ததும் உலகம்மையின் கை மெதுவானது. உப்பு வந்ததும் நின்றேவிட்டது.

"எவ்வளவு உப்பு?"

"நல்லாத் தாராளமா. எட்டுக்கும் ஒரே அளவு."

உலகம்மை சிரித்தார். கீரைத்தட்டு மடியிலிருந்து சரிகிற அளவுக்குச் சிரித்தார். குற்றாலலிங்கத்துக்கு முகம் சுருங்கிப் போனது.

யாருக்கும் குருவாகும் முன்னால் உலகம்மை ஒன்பது வருஷம் எஸ்டேட் மேனேஜர் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். அது குற்றாலலிங்கத்துக்குத் தெரியும். தெரிந்தும் இந்த விஷயத்தில் அது அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஐயா, பேக்கனை நாள் கணக்கா உப்புல ஊறவச்சுத்தான் கடைக்கே கொண்டுவருவாங்க. அதுவே உப்பு. மேல ஒரு சிட்டிகை போட்டாலும் வாயில வைக்க முடியாது. எண்ணெயும் வேண்டாம். அதோட கொழுப்பிலேயே அது வெந்துரும்."

குற்றாலலிங்கம் நோட்டை மூடினார். முதல் கடியில் நின்ற வாய் நினைவுக்கு வந்தது. மூன்று டம்ளர் தண்ணீர் நினைவுக்கு வந்தது. கண்ணீர் ஆல்வினுக்காக என்று அல்லவா நினைத்திருந்தார்.

"எட்டையும் சாப்பிட்டாங்களேம்மா."

"சாப்பிடுவாங்க."

"உங்களுக்குத் தெரியும்லா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"செய்யலாமா கூடாதான்னுதான் எங்கிட்டக் கேட்டீங்க. எப்படிச் செய்யுறதுன்னு கேக்கல."

குற்றாலலிங்கம் எழுந்தார். இப்போதே இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொன்னார். கடையில் இன்னொரு பாக்கெட் வாங்கி, ஓவன் போவதற்குள் சரியாகச் செய்து கொடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

"உப்பைப் பத்தி வாயைத் திறக்காதீங்க. அவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சிருக்காங்க. அதைப் போய்ப் பிடுங்காதீங்க."

குற்றாலலிங்கம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கீழ்வீட்டுக் கூரை அங்கிருந்து தெரிந்தது.

"அப்போ நான் அவங்களுக்கு என்னதாம்மா கொடுத்தேன்?"

"நீங்க எங்க கொடுத்தீங்க? இன்னிக்கும் அவங்கதானே கொடுத்தாங்க."

குற்றாலலிங்கம் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமை போயிருவாங்க. நான் என்னதான் செய்யட்டும்?"

உலகம்மை சிதறிய கீரையைப் பொறுக்கித் தட்டில் போட்டார்.

"நீங்க கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கிட்டேன்னு போய்ச் சொல்லுங்க."