நாலு கைக்கு ஒரு கத்தி

தட்டாங்குண்டு ஊரில் நாலு பேர் இருந்தார்கள். வேறு ஆட்களும் இருந்தார்கள்தான். அவர்கள் பாட்டுக்கு ஒழுங்காகப் பிழைத்துக்கொண்டிருந்ததால் அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நாலு பேரில் மூத்தவர் ஒச்சப்பன். தலை நரைத்தவர் என்பதால் அவருக்கு மட்டும் மரியாதை கொடுத்துச் சொல்கிறேன். அவர் தம்பி வெயிலுமுத்து. இருவருக்கும் மச்சான் முறை சடையாண்டி. நாலாவது ஆள் பக்கத்து வீட்டு மொக்கராசு. எதைக் கேட்டாலும் ரொம்ப நேரம் யோசித்து, அதற்குப் பிறகுதான் தப்பாகச் சொல்வான்.

விவகாரம் வெயிலுமுத்து வீட்டில் ஆரம்பித்தது. அவன் பெண்சாதி செல்லத்தாயி ஒருநாள் வாசலில் நின்றுகொண்டு, "அடுப்பை அணைச்சிட்டு வாய்யா, சந்தைக்கு நேரமாச்சு" என்றாள். வெயிலுமுத்து உள்ளே போய் அடுப்பை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். புதுச் சட்டை போச்சு. நெஞ்சுக் கொப்புளத்துக்குப் பத்து நாள் களிம்பு தடவினாள் செல்லத்தாயி. புண் ஆறியதும் ஒரு வார்த்தை பேசாமல் மேலச்சுனையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் அவளிடமிருந்து போன் வந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே நேர்ல வந்து கூப்பிடு, வர்றேன். வரலேன்னா இங்கயே பருத்திக்காட்டு வேலைக்குப் போயிக்கிறேன். அப்புறம் உன் அடுப்பும் நீயும்."

வெயிலுமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மாதமாக அவன் பழைய சோறுகூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. உடனே போகலாம் என்றால், போன வாரத்து மழையில் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பஸ் இல்லை. மூக்கன் மலை ஏறி இறங்கினால்தான் மேலச்சுனை.

"தனியா விடமாட்டோம்டா. நாலு பேரும் போவோம்" என்றார் ஒச்சப்பன்.

காட்டு வழி என்றால் கையில் கத்தி வேண்டும். ஆகவே நாலு பேரும் நாகலிங்க ஆசாரியின் பட்டறைக்குப் போனார்கள். ஆசாரி நல்ல மனிதர். மலையெல்லாம் சுற்றியவர். கத்தியைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. இந்த நாலு பேரைப் பற்றித்தான் தெரியாது.

"மலைக்குப் போற கத்தி ரொம்பப் பெருசா இருக்கக்கூடாது. நாலு விரக்கடை அலகு போதும். கைக்கு அடக்கமா இருக்கணும். பிடிக்குள்ள இரும்பு கடைசி வரைக்கும் ஓடியிருக்கணும், பாதியில நின்னுச்சுன்னா அந்தக் கத்தி உதவாது. பாத்து எடுங்க" என்று சொல்லி, பத்துக் கத்திகளைச் சாக்கில் பரப்பிவிட்டு ஆசாரி உலையைப் பார்க்கப் போனார்.

நாலு பேரும் சாக்கைச் சுற்றிக் குந்தினார்கள்.

"அடக்கமா இருக்கணுமாம்" என்றான் சடையாண்டி.

ஒச்சப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எந்திரிங்க" என்றார். ஒரு கத்தியும் எழுந்திருக்கவில்லை.

"எல்லாம் சொல்பேச்சு கேக்காத கத்தியால்ல இருக்கு" என்றான் வெயிலுமுத்து கவலையோடு.

மொக்கராசு ரொம்ப நேரம் யோசித்தான். "அண்ணே, படுத்திருங்கன்னு சொல்லிப் பாருங்க."

ஒச்சப்பன் சொன்னார். பத்தும் அப்படியே படுத்திருந்தன. பத்தும் அடக்கமான கத்திகள் என்று முடிவாயிற்று.

அடுத்தது ஓட்டம். பட்டறைக்குப் பின்னால் வாய்க்காலுக்கு இறங்கும் சரிவு ஒன்று இருந்தது. ஒவ்வொரு கத்தியாக மேலேயிருந்து விட்டுப் பார்த்தார்கள். எட்டுக் கத்திகள் பாதியிலேயே நின்றுவிட்டன. ஒன்பதாவது ஒரு கல்லில் முட்டி, வந்த பக்கமே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. பத்தாவது மட்டும் சர்ரென்று கடைசி வரைக்கும் ஓடி வாய்க்காலுக்குள் விழுந்தது.

வெயிலுமுத்து குதித்து எடுத்து வந்தான். ஆசாரி வாங்கிப் பார்த்தார். இருந்ததிலேயே நல்ல கத்தி அதுதான். அதுதான் அவருக்கு வருத்தமாக இருந்தது.

"சரி, எடுத்தது நல்ல கத்தி. இந்தப் பிடி சொத்தையாப் போச்சு, மாத்திரணும். தூக்கிட்டுப் போறவன் கைக்கு அளவெடுத்துப் போட்டாத்தான் வழுக்காது. யாரு தூக்குறது?"

நாலு பேரும் கையை நீட்டினார்கள்.

"ஒரு ஆளு சொல்லுங்கப்பா."

"அதெப்பிடி ஆசாரி" என்றார் ஒச்சப்பன். "கத்தி தம்பி கையில இருக்கையில எனக்கு ஆபத்து வந்தா?"

"உங்க கையில இருக்கையில எனக்கு வந்தா?" என்றான் சடையாண்டி.

"மாத்தி மாத்தித் தூக்குங்களேன்."

"மாத்துற நேரத்துல ஆபத்து வந்தா?" என்றான் மொக்கராசு.

ஆசாரிக்குப் பசி. தூக்குவாளியில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நாலு பேர் கைக்கும் அளவெடுத்தார். நாலு பேர் வரிசையாக நடந்தால் ஒருவன் குதிகாலை அடுத்தவன் மிதிக்காமல் இருக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் அளந்தார். நேரான வாகைக் கம்பு ஒன்றை எடுத்து இழைத்து, நாலு இடத்தில் கைப்பிடி செதுக்கினார். சடையாண்டி பீச்சாங்கைக்காரன் என்பதால் அவனுக்கு மட்டும் இடது கைக்கு ஏற்ற மாதிரி வளைத்துக் கொடுத்தார். வேலை முடிந்தபோது அலகு நாலு விரக்கடையும் பிடி எட்டு முழமும் இருந்தது.

"எண்ணெய் தேய்ச்சு வைங்க, துரு ஏறாது. உறையில போட்டுக் கொண்டு போங்க. காட்டுக்குள்ள கத்திய கையை விட்டு இறக்காதீங்க" என்று சொல்லி ஆசாரி சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. எண்ணெயை எடுத்து வைத்ததும் வெயிலுமுத்துவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணே, ஆம்பளைக்குப் புதனும் சனியும். பொம்பளைக்குச் செவ்வாயும் வெள்ளியும். கத்தி என்ன அண்ணே?"

கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"மீசை இல்லை. அப்ப பொம்பளை" என்றான் சடையாண்டி.

"மூக்கு கூரா இருக்கு, மூக்குத்தி இல்லையே. அப்ப ஆம்பளை" என்றான் மொக்கராசு.

வெயில் ஏறும் வரை பேசியும் முடிவு வரவில்லை. தப்பு நேரக்கூடாது என்று செவ்வாய் ஒரு தடவை, புதன் ஒரு தடவை, இரண்டு நாளும் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு வெந்நீரில் குளிப்பாட்டினார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கினால் சளி பிடிக்கும். ஆகவே கத்தி கண் அசந்துவிடாமல் ஆள் மாற்றி ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, அலகை ஒரு கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த இரண்டு நாளும் தெருவில் யாரும் பகலில் தூங்கவில்லை.

வியாழக்கிழமை உறையைப் பற்றிப் பேசினார்கள்.

"உறைன்னா தபால் உறை. ஆசாரி அதைத்தான் சொல்லியிருப்பாரு" என்றான் சடையாண்டி.

"தபால் உறையில போட்டா விலாசம் எழுதணும். எழுதிட்டா கத்தி மட்டும் தனியாப் போயிரும். நம்ம கூட வராது" என்றார் ஒச்சப்பன்.

"பாலுக்கு ஊத்துவாங்களே, அந்த உறையா இருக்குமோ?" என்றான் மொக்கராசு.

"கத்தி தயிராயிரும்டா."

கடைசியில் வெயிலுமுத்து வீட்டுக்குள் போய்த் தலையணை உறை ஒன்றைக் கொண்டுவந்தான். கல்யாணமான புதிதில் செல்லத்தாயி தன் கையால் இரண்டு கிளி தைத்த உறை. கத்திக்கு நோகாமல் இருக்க உள்ளே கொஞ்சம் பஞ்சும் வைத்து அலகின் மேல் மாட்டிக் கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் புறப்பாடு. முன்னால் வெயிலுமுத்து, அடுத்து சடையாண்டி, அப்புறம் மொக்கராசு, கடைசியில் ஒச்சப்பன். நாலு பேரும் அவரவர் பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எதிரே வந்தவர்கள் சாமி ஏதோ போகிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

அடிவாரம் தாண்டியதும் வழியை மறித்துக்கொண்டு முள்ளுக்கொடி படர்ந்து கிடந்தது. வெயிலுமுத்து உறையின் முடிச்சை அவிழ்க்கப் போனான்.

"என்னடா பண்றே?" என்றார் ஒச்சப்பன்.

"கொடியை வெட்டத்தான்."

"ரெண்டு நாளா குளிப்பாட்டின கத்தி. முள்ளுல விட்டா அழுக்காயிராதா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கத்தியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு பேரும் முள்ளுக்குள்ளேயே நுழைந்து போனார்கள். வெளியே வந்தபோது நாலு சட்டையும் கந்தல். கத்தியில் ஒரு தூசி இல்லை.

பாதி மலையில் பாதை இரண்டு பாறைகளுக்கு நடுவே சட்டென்று திரும்பியது. கம்பு திரும்பவில்லை. முன்னால் போனால் பாறை இடித்தது, பின்னால் வந்தால் ஒச்சப்பன் பள்ளத்தில் நின்றார்.

"பிடியைக் கொஞ்சம் வெட்டிருவோம்" என்றான் சடையாண்டி.

"எதை வச்சு?"

"கத்தியை வச்சுத்தான்."

அலகை வளைத்து அதன் பிடியிலேயே வைக்கப் பார்த்தார்கள். எட்டவில்லை. அப்போது மொக்கராசு, "நிமித்திப் பிடிச்சாத் திரும்பும்ண்ணே" என்றான். அவன் பிறந்ததிலிருந்து சொன்ன சரியான வார்த்தை அது ஒன்றுதான்.

கம்பை நிமிர்த்தினார்கள். கையை விட்டு இறக்கக்கூடாது என்று ஆசாரி சொல்லியிருக்கிறாரே. அடியில் ஒச்சப்பன் குனிந்து பிடித்தார். மொக்கராசு நின்று பிடித்தான். சடையாண்டி நுனிக்காலில் எக்கிக்கொண்டு பிடித்தான். வெயிலுமுத்து உச்சியில் தொங்கினான். அப்படியே ஓர் அடி, ஓர் அடியாகப் பாறையைத் திரும்பினார்கள்.

"மேலச்சுனை தெரியுதுண்ணே. அவங்க வீட்டு ஓடு தெரியுது" என்றான் வெயிலுமுத்து மேலேயிருந்து. கீழே இருந்த மூன்று பேரும், அவன் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கை வலிக்கிற வரைக்கும் அசையாமல் நின்றார்கள்.

உச்சி வெயிலில் ஒரு பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தார்கள். இங்கே ஒரு சிக்கல். மூன்று பேருக்குச் சோற்றுக்கை கத்தியில் இருந்தது. பீச்சாங்கையால் சாப்பிட மனம் வரவில்லை. சடையாண்டிக்கு மட்டும் இடது கை கத்தியில், வலது கை சும்மா. அவனே உருட்டி உருட்டி முன்னால் வெயிலுமுத்து வாயிலும் பின்னால் மொக்கராசு வாயிலும் ஊட்டினான். ஒச்சப்பன் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தார். அவருக்கு எறிந்தான். அவரும் வாயைத் திறந்துகொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார். பத்து உருண்டை எறிந்ததில் இரண்டு அவருக்கு, மீதி காக்கைக்கு.

பொழுது சாய்வதற்கு முன்னால் மேலச்சுனை போய்ச் சேர்ந்தார்கள். செல்லத்தாயி வாசலில் மாவு இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நாலு கந்தல் சட்டை. எட்டு முழக் கம்பு. கம்பின் நுனியில் தான் தைத்த இரண்டு கிளி.

"இது எதுக்குய்யா?"

"உன்னைக் கூப்பிட வந்தேன்" என்றான் வெயிலுமுத்து. "வழியில ஒண்ணும் ஆயிரக்கூடாதுல்ல. அதான்."

அவள் முள் கீறிய அவன் முகத்தைப் பார்த்தாள். உலக்கையைச் சுவரில் சாத்தினாள்.

"சாப்பிடு. காலையில போவோம்."

அவள் அம்மா அங்கம்மாளுக்குக் கத்தியை ரொம்பப் பிடித்துவிட்டது. "உச்சியில முருங்கைக்காய் எட்டாம முத்திப் போகுது. நல்ல சாமானாக் கொண்டாந்தீங்க மருமகனே" என்று வாங்கிக்கொண்டாள். ஆசாரி சொன்னது காட்டுக்குத்தான், இது வீடு என்பதால் கையை விடுவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

சனிக்கிழமை காலை நாலு பேரும் முன்னால் நடக்க, மூட்டையோடு செல்லத்தாயி பின்னால் நடந்தாள். மலைமேல் ஈரமண் பாதைக்கு வந்ததும் ஒச்சப்பன் நின்றார்.

மண்ணில் நாலு பேருடைய கால் தடம். தட்டாங்குண்டுப் பக்கமிருந்து மேலச்சுனைப் பக்கமாக வரிசையாகப் போயிருந்தது.

"யாரோ நாலு பேரு உன் மாமியார் ஊருக்குப் போயிருக்காங்கடா" என்றார்.

சடையாண்டி குனிந்து பார்த்தான். "இதுல ஒருத்தன் செருப்பு என் செருப்பு மாதிரியே குதிகால்ல தேஞ்சிருக்கு. பாவம், நம்மளைப் போல இல்லாதப்பட்டவன்தான்."

"தடம் நேத்துப் பட்டது. நேத்து நாமளும் இதே வழியிலதான் வந்தோம். ஒருத்தரையும் பாக்கலையே" என்றான் வெயிலுமுத்து.

மொக்கராசு ரொம்ப நேரம் யோசித்தான். "அப்ப அவங்க வழி தவறிட்டாங்கண்ணே."

செல்லத்தாயி மூட்டையை இறக்கி வைத்தாள். "அது உங்க காலுய்யா" என்றாள்.

"எங்க காலு எங்ககிட்டயே இருக்கு பாரு" என்று காட்டினான் வெயிலுமுத்து.

அவள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "நான் போய் உலை வைக்கிறேன். தேடிட்டு வந்து சேரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கோபித்துக்கொண்டு போன மாதிரித் தெரியவில்லை. தோள் குலுங்கியதால் சிரித்துக்கொண்டு போனாள் என்றுதான் நினைக்கிறேன்.

நாலு பேரும் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றார்கள். ஒச்சப்பன் இரண்டு கையையும் வாயில் குவித்து, "யாருய்யா அங்க?" என்று கூப்பிட்டார்.

"யாருய்யா அங்க?" என்று எதிர்ப்பாறையிலிருந்து பதில் வந்தது.

"உசுரோடதான் இருக்காங்க" என்றான் மொக்கராசு. எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

"நாங்கதான்" என்றார் ஒச்சப்பன்.

"நாங்கதான்" என்றது பாறை.

"தெரிஞ்ச ஆளுங்க போலிருக்கு" என்றான் சடையாண்டி.

ஒச்சப்பன் மறுபடியும் கையைக் குவித்தார். "அங்கயே உக்காந்திருங்க. நாங்க வர்றோம்."

"அங்கயே உக்காந்திருங்க. நாங்க வர்றோம்."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவங்களே வர்றாங்களாம்டா" என்றார் ஒச்சப்பன். துண்டை உதறிப் பாறையில் விரித்து, நாலு பேரும் உட்கார்ந்துகொண்டார்கள்.