கூப்பிடுகிற கவுதாரி

கள்ளிக்காட்டு மடத்தில் சீடரைவிடக் குருவுக்கு வயது குறைவு. குரு சிவஞானம் முப்பதைத் தொடவில்லை. சீடர் இருளப்பர் ஐம்பதைத் தாண்டியவர், மடத்துக்கு வருமுன் கண்ணி வைத்துக் கவுதாரி பிடித்தவர். தொழிலை விட்டாரே தவிர, பழக்கிய கவுதாரியையும் அதன் கூண்டையும் விடவில்லை. பிள்ளை இல்லாதவருக்கு அதுதான் பிள்ளை.

ஒரு நாள் உச்சிவெயிலில் குருவின் முன் வந்து நின்றார்.

"சாமி, நாளைக்கு மலையடிவாரத்துக்குப் போகணும். உத்தரவு வேணும்."

"மறுபடியுமா?"

"என் தங்கச்சி மகன் செவத்தான் மலை மேலதான் ஒளிஞ்சு கிடக்கான். நான் கூப்பிட்டா இறங்கிருவான்."

கலகம் அடங்கியபின் அரண்மனைக்குப் பயந்து மலையேறியவர்கள் பலர். இறங்கி வந்தால் மன்னிப்பும் கடலோரத்தில் காணியும் உண்டு என்று அரண்மனை சொல்லியிருந்தது. அரண்மனை சொன்னதை யார் நம்புவார்கள்? ஆனால் இருளப்பரை நம்பினார்கள். அவர் அடிவாரத்தில் நின்று, தாய் பேரையும் சேர்த்துச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். இதுவரை பதினொரு பேர் இறங்கியிருந்தார்கள். அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

"அந்தப் பதினொரு பேர்ல யாராவது திரும்பி வந்து உம்மைப் பார்த்தாங்களா?"

"சுகமா இருக்கிறவன் எதுக்கு சாமி வரணும்?"

"கடலோரத்துலருந்து உப்பு விக்க வர்றவங்க அங்கே பார்த்திருப்பாங்களே?"

"கேட்டேன். பார்க்கலைன்னாங்க. கடலோரம் ரொம்ப நீளம் சாமி."

குரு எழுந்தார். பிறகு, "கூண்டை எடுத்துட்டு வாரும். கண்ணியையும்" என்றார்.

"மடத்துலருந்து வேட்டைக்கா?" என்று கேட்டாரே ஒழிய, இருளப்பரின் கால்கள் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டன.

புதர்க்காட்டில் ஓர் இலைகூட அசையவில்லை. கண்ணிகளுக்கு நடுவில் கூண்டை வைத்துவிட்டு இருவரும் கள்ளி மறைவில் உட்கார்ந்தார்கள். கவுதாரி கூப்பிட்டது. தூரத்தில் ஒன்று பதில் சொன்னது. மறுபடி கூப்பிட்டது. இப்போது பதில் பக்கத்தில் கேட்டது.

"பொய்யா கூப்பிடுதா?" என்றார் குரு.

"இல்ல சாமி. பாசமாத்தான் கூப்பிடுது. பொய்க்குரலுக்கு எதுவும் வராது."

காட்டுக் கவுதாரி ஓடி வந்தது. கண்ணி இறுகியது. இருளப்பர் பாய்ந்து போய், முதலில் கூண்டின் மேல் தோள்துண்டைப் போட்டு மூடினார். அப்புறம்தான் அகப்பட்டதன் கழுத்தைத் திருகினார். அவர் விட்ட தொழிலை அவர் கை விட்டிருக்கவில்லை.

"எதுக்கு மூடுனீர்?"

"பார்த்துட்டா அப்புறம் ஆயுசுக்கும் கூப்பிடாது."

"மூடிட்டா?"

"வந்தது சுகமா எங்கேயோ போயிருச்சுன்னு நினைச்சுக்கும்."

சொல்லிவிட்டு இருளப்பர் சிரித்தார். துண்டுக்கடியிலிருந்து கவுதாரி மறுபடி சந்தோஷமாகக் கூப்பிட்டது. அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"அந்தப் பதினொரு பேரும் இறங்கி வந்தப்போ நீர் எங்கே இருந்தீர்?"

"அடிவாரத்துல அரண்மனைச் சாவடிக்குள்ள சாமி." குரல் தாழ்ந்துவிட்டது. "ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் உட்காருன்னுவாங்க. குடிக்க இளநீர் குடுப்பாங்க. வெளியே இருந்து கதவைச் சாத்திருவாங்க."

குரு செத்த பறவையை வாங்கிக் கூண்டுக்கு முன்னால் வைத்தார். துண்டை உருவினார்.

கூண்டுக்குள் இருந்தது ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. புதருக்கு அப்பால் இன்னொரு கவுதாரி குரல் கொடுத்தது. கூண்டிலிருந்து பதில் இல்லை. வெளியே இருந்தது திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, விலகிப் போய் ஓய்ந்தது.

இருளப்பர் கூண்டின் முன் உட்கார்ந்துவிட்டார். பதினொரு முகங்களும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. எல்லோரும் அவர் பேரைச் சொல்லிக்கொண்டுதான் மலையிறங்கினார்கள்.

"சாமி" என்று கூப்பிட வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். வெறும் காற்றுதான் வந்தது.

குரு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உம்ம தங்கச்சி மகன் பிழைச்சுக்கிட்டான்" என்றார்.